"பயப்படாதீங்க"ன்னு சொல்றது சிகிச்சை இல்லை

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது."

நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல ஒரு நாளைக்கு அதிகமா சொல்லப்படுற வாக்கியம் இதுவாத்தான் இருக்கும். துளியும் வேலை செய்யாத வாக்கியமும் இதுதான். அதைப் பத்தித்தான் இன்னைக்குக் கொஞ்சம் காட்டமா எழுதப்போறேன். நீளமான த்ரெட். பொறுமை இருக்கறவங்க உக்காந்து படிங்க.

விஷயம் கொலனோஸ்கோபி. ஆசனவாய் வழியா கேமரா வெச்ச டியூபை விட்டு பெருங்குடல் முழுசையும் பாக்குற பரிசோதனை. இந்த வரியைப் படிச்ச உடனே பாதிப் பேர் முகத்தைச் சுளிச்சிருப்பீங்க. அந்தச் சுளிப்பைப் பத்தியும் பேசணும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் கொலனோஸ்கோபி செய்யற ஸ்பெஷலிஸ்ட் இல்லை. எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில உக்கார்ற ஆளு. மலத்துல ரத்தம் போகுது, காரணமில்லாம எடை குறையுது, ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குதுன்னு வர்றவங்களைப் பரிசோதிச்சு, தேவைப்பட்டா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பறது என் வேலை.

அந்தச் சீட்டுல பாதி அங்க போய்ச் சேர்றதே இல்லைங்கறதுதான் பிரச்சினை. மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போவாங்க. ஆறு மாசம் கழிச்சு காய்ச்சலுக்கு வரும்போது "அந்த டெஸ்ட் எடுத்தீங்களா?"ன்னு கேட்டா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. ஓ.பி.யில உக்காந்த எல்லா டாக்டருக்கும் அந்தச் சிரிப்பு தெரியும்.

உடனே நாம என்ன சொல்லிக்கறோம்? "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை."

இதை நான் ஏத்துக்க மாட்டேன். மலத்துல ரத்தம் வர்றது நல்லதில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ராத்திரி தூக்கம் வராம புரண்டு படுக்குறாங்க. அவங்களை நிறுத்தி வெச்சிருக்கறது பயம். அந்தப் பயத்துல பெரும்பங்கு நோயாளி மனசுல தானா முளைச்சதும் இல்லை. நாம உண்டாக்கினது. டாக்டர்களும், ஆஸ்பத்திரி நடத்தற முறையும், சொந்தக்காரங்களும், சுவத்துல போஸ்டர் ஒட்டறவங்களும் சேர்ந்து உண்டாக்கினது.

"பயம்"ன்னு ஒரே வார்த்தையில மூட்டை கட்டிடறோம். அவிழ்த்துப் பாத்தா உள்ள இருக்கறது வேற வேற சாமான். வலிக்குமோன்னு ஒரு பயம். மானம் போயிடுமேன்னு ஒரு பயம். முந்தின நாள் பேதி மருந்தைக் குடிச்சுட்டு எங்க போய் உக்கார்றதுன்னு ஒரு பயம். கடைசியா, யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம்: புத்துநோய்னு சொல்லிட்டா? ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற. எல்லாத்துக்கும் சேர்த்து "பயப்படாதீங்க"ன்னா, காய்ச்சல், எலும்பு முறிவு, பாம்புக்கடி மூணுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கற கதைதான்.

வலியில இருந்து ஆரம்பிக்கறேன்.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். உள்ள போற டியூப் கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன், நல்லா வளையும். குடலோட உள்சுவருக்கு வெட்டினா, கிள்ளினா வலி தெரியாது. அதனாலதான் உள்ள இருந்து சதைத் துணுக்கு எடுக்கும்போதோ, பாலிப்னு சொல்ற சின்ன சதை வளர்ச்சியை வெட்டி எடுக்கும்போதோ நோயாளிக்கு ஒண்ணும் தெரியறதில்லை. ஆனா குடலுக்கு இழுபட்டா வலிக்கும். காத்து நிரம்பி உப்பினா வலிக்கும்.

ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேல குடல் பாம்பு மாதிரி வளைஞ்சு போகும். டியூப் அந்த இடத்துல சில சமயம் கண்ணி போட்டுக்கும். அப்பத்தான் வயித்தைப் பிடிச்சு இழுக்கற மாதிரி ஒரு வலி. டாக்டர் டியூபைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து நேராக்குவார். நர்ஸ் வயித்தைக் கையால அமுக்கிப் பிடிப்பாங்க. "மல்லாந்து படுங்க, இந்தப் பக்கம் திரும்புங்க"ம்பாங்க. நேரானதும் வலி விட்டுடும்.

இதை முன்னாடியே தெரிஞ்சவங்க அந்த நிமிஷத்துல "சரி, வளைவு வந்திருக்கு, தாண்டிடும்"னு நினைப்பாங்க. தெரியாதவங்க? படுத்திருக்கோம், திடீர்னு வலி, நாலு பேர் பரபரப்பா வயித்தை அமுக்குறாங்க. "உள்ள ஏதோ ஆயிடுச்சு, குடல் கிழிஞ்சிடுச்சு"ன்னுதானே நினைப்பாங்க? உடம்பை முறுக்குவாங்க. முறுக்கினா டியூப் போகாது, வலி இன்னும் கூடும். அதுக்கு மேல "ஏம்மா இப்படி ஆடற"ன்னு ஒரு அதட்டல் வேற விழும்.

ஒரு நிமிஷம் சொல்ல வேண்டிய விஷயம்ங்க இது. அதைச் சொல்லாம "பயப்படாதீங்க"ன்னு சொன்னோம்.

இன்னொண்ணும் யாரும் சொல்றதில்லை. நடுவுல மலம் வந்துடுமோங்கற மாதிரி ஒரு அவசர உணர்வு வரும். குடல் ஏற்கெனவே காலி. டியூபும் காத்தும் கொடுக்கற உணர்வு அது. காத்து பிரியும், சத்தமா பிரியும். அங்க நிக்கிற எல்லாருக்கும் அது அன்றாடச் சத்தம். அடக்கினாத்தான் வயிறு உப்பி வலிக்கும், தாராளமா விடுங்க.

வலியைப் பத்தி ஒரு சுவாரசியமான ஆய்வு இருக்கு. பொருளாதாரத்துக்காக 2002-ல நோபல் வாங்கின டேனியல் கானமன்ங்கற உளவியல் அறிஞர், டொனால்ட் ரெடல்மயர்ங்கற டாக்டரோட சேர்ந்து 1996-ல வெளியிட்டது. அதுக்கு அவங்க எடுத்துக்கிட்ட பரிசோதனைகள்ல ஒண்ணு இதே கொலனோஸ்கோபி. பரிசோதனை நடக்கும்போதே நிமிஷத்துக்கு ஒரு தடவை "இப்ப எவ்வளவு வலி?"ன்னு கேட்டுக் குறிச்சுக்கிட்டாங்க. சிலருக்கு 4 நிமிஷத்துல முடிஞ்சது, சிலருக்கு 69 நிமிஷம் வரைக்கும் போச்சு. பின்னாடி "மொத்தமா எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, எவ்வளவு நேரம் நடந்ததுங்கறதுக்கும் ஞாபகத்துக்கும் பெருசா சம்பந்தமே இல்லை. ரொம்ப வலிச்ச ஒரு நிமிஷமும், கடைசி சில நிமிஷங்களும்தான் மனசுல தங்கியிருக்கு.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு நோயாளிக்கு. உங்க சித்தப்பா கல்யாண வீட்டுல நின்னு "ஐயோ, உயிர் போய் உயிர் வந்துச்சு"ன்னு சொல்றாரே, அவர் பொய் சொல்லலை. ஆனா அவர் சொல்றது அரை மணி நேரத்தோட கதை இல்லை. ஒரு நிமிஷத்தோட கதை. அதுவும் ஒவ்வொரு கல்யாணத்துலயும் கொஞ்சம் வளரும். அந்தக் கதையைக் கேட்டுட்டு பக்கத்துல ஒருத்தர் தன் சீட்டைக் கிழிச்சுப் போடறார்ங்கறது சித்தப்பாவுக்குத் தெரியாது.

இன்னொண்ணு எங்க ஆட்களுக்கு. 2003-ல இதே குழு இன்னொரு ஆய்வு செஞ்சாங்க. பரிசோதனை முடியும்போது டியூப் நுனியை உடனே உருவாம, அசைக்காம கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருந்து மெதுவா எடுத்தாங்க. நேரம் கூடியிருக்கு, ஆனா கடைசி நிமிஷங்கள்ல வலி குறைவு. அவங்க ஞாபகத்துல மொத்தப் பரிசோதனையும் அவ்வளவு மோசமா பதியலை. கடைசி ரெண்டு நிமிஷம் இவ்வளவு முக்கியம். அந்த ரெண்டு நிமிஷத்துல நாம என்ன சொல்றோம்? "ம், எழுந்திரு, அடுத்த ஆளைக் கூப்பிடு." அந்த நோயாளி மறுபடி வரலைன்னா யாரைக் குத்தம் சொல்றது?

மயக்க மருந்து. இதுல ரெண்டு பக்கமும் தப்பான பேச்சு இருக்கு. "மயக்கம் கொடுக்காம செய்யறது கொடுமை"ங்கறதும் சரியில்லை. நார்வேயில நிறைய பேர் மயக்க மருந்து இல்லாமலேயே செஞ்சுக்கறாங்க. பிரிட்டன்ல பிரசவத்துக்குக் கொடுக்கற மாதிரி வாயுவை உறிஞ்சிக்கிட்டே செஞ்சுக்கற வழக்கமும் இருக்கு. மயக்கம் இல்லாட்டி முடிஞ்ச உடனே எழுந்து பஸ் ஏறிடலாம். இன்னொரு வழி, மிடாசோலம் மாதிரி ஊசி. அரைத்தூக்கம், கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க, பின்னாடி பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. மயக்கவியல் டாக்டர் கூட இருந்து ப்ரோபோஃபால் கொடுத்தா நல்லாவே தூங்கிடுவீங்க.

எது கிடைக்கும்ங்கறது ஆஸ்பத்திரியைப் பொறுத்தது, உங்க இதயம், நுரையீரல் நிலைமையைப் பொறுத்தது. கொடுமை எங்க இருக்குன்னா, எது நடக்கப்போகுதுன்னு அந்த மேஜையில ஏறிப் படுக்கற வரைக்கும் நோயாளிக்குச் சொல்லாம இருக்கறதுல. முன்னாடியே கேளுங்க: "எனக்கு மயக்கம் கொடுப்பீங்களா? என்ன மாதிரி?" கேக்கறது உங்க உரிமை. "ரொம்ப பயமா இருக்கு"ன்னு வாய்விட்டுச் சொல்றதும் உரிமைதான். சொன்னாத்தான் அதுக்கேத்த மாதிரி திட்டம் போட முடியும். மயக்கம் போட்டா அன்னைக்கு முழுக்க வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருத்தர் கட்டாயம் வரணும், 24 மணி நேரத்துக்கு முக்கியமான பத்திரம் எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது. (மச்சான் நிலப் பத்திரத்தோட ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா உஷாரா இருங்க.)

அடுத்தது மானம். இதுலதான் எனக்குக் கோவம் அதிகம்.

கட்டட வேலை செய்யற ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை மாசக்கணக்குல சாப்பிட்டும் ஏறலை. மாதவிடாய் நின்னு வருஷமாச்சு, அப்ப ரத்தம் வேற எங்கயோ கசியுது. சீட்டு எழுதிக் கொடுத்தேன், போகலை. மறுபடி கொடுத்தேன், போகலை. மூணாவது தடவை "ஏம்மா போகலை?"ன்னு கேக்காம, "அங்க போறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"னு கேட்டேன். ரொம்ப நேரம் தரையைப் பாத்துக்கிட்டு இருந்துட்டுக் கேட்டாங்க:

"அங்க ஆம்பளைங்க இருப்பாங்களா சார்?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாம ஒரு மனுஷி ஒரு வருஷமா ரத்தத்தை இழந்துக்கிட்டு இருந்திருக்காங்க. எங்க யாருக்கும் அந்தக் கேள்வி தோணவே இல்லை, ஏன்னா நாங்க அந்த மேஜையில படுத்ததில்லை.

பதில் சொன்னேன். டாக்டர் ஆணாவும் இருக்கலாம், பெண்ணாவும் இருக்கலாம். ஆனா பெண் நர்ஸ் கூட இருக்கணும்னு கேக்கலாம், இருப்பாங்க. முழுசா துணியை எடுக்க மாட்டாங்க. இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கிப் படுக்க வைப்பாங்க, மேல போர்வை இருக்கும். எல்லாரும் பாக்கறது டிவி திரையைத்தான். அதோட சீட்டுலயே பெண் உதவியாளர் வேணும்னு எழுதிக் கொடுத்தேன். போனாங்க. ரெண்டு பாலிப், அங்கயே அப்பவே எடுத்துட்டாங்க.

இதுல ஒரு டாக்டரா எனக்குப் பெருமைப்பட ஒண்ணும் இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா போற மனுஷியை ஒரு வருஷம் "பயந்தாங்கொள்ளி"ன்னு நினைக்க வெக்கிற அமைப்பு இதுன்னு சொல்றதுக்காகத்தான் எழுதறேன். திரைச்சீலை இல்லாத அறை, கதவு திறந்து திறந்து மூடற அறை, பேரைச் சொல்லாம "ஏ, அந்தக் குடல் கேஸை அனுப்பு"ன்னு வராண்டாவுல கத்தறது. இதெல்லாம் எல்லா இடத்துலயும் இருக்குன்னு சொல்ல மாட்டேன். நல்லா நடத்தற இடங்கள் நிறைய உண்டு. ஆனா எங்கயாவது ஒரு இடத்துல நடந்தாக்கூட அந்தக் கதை பத்து ஊருக்குப் பரவும். திரைச்சீலைக்கு கோடிக்கணக்குல நிதி ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு கம்பியும் நாலு மீட்டர் துணியும் போதும்.

"அசிங்கம்"னு நினைக்கறவங்களுக்கு ஒரு செய்தி. 2021 நவம்பர் 19 அன்னைக்கு அமெரிக்க அதிபர் ஜோ பைடன் கொலனோஸ்கோபிக்காக மயக்க மருந்து எடுத்துக்கிட்டார். மயக்கத்துல இருக்கற அதிபர் நாட்டை ஆள முடியாது இல்லையா, அதனால எழுத்துப்பூர்வமா அதிகாரத்தை கமலா ஹாரிஸ்கிட்ட ஒப்படைச்சார். 1 மணி 25 நிமிஷம். அமெரிக்க அதிபர் அதிகாரத்தை ஒரு பெண் வகிச்சது அதுதான் முதல் தடவை. மன்னார்குடி பக்கத்துல துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாக் கொண்ட குடும்பத்துப் பொண்ணு அந்த நாற்காலியோட அதிகாரத்துக்கு வந்தது ஒரு குடல் பரிசோதனையால! ஜார்ஜ் புஷ் 2002-லயும் 2007-லயும் இதே மாதிரி அதிகாரத்தை மாத்திக் கொடுத்துட்டுத்தான் செஞ்சுக்கிட்டார். உலகத்துக்கே அறிவிச்சுட்டு. நாம பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு உயிரை விடறோம்.

அமெரிக்காவுல கேட்டி கூரிக்னு ஒரு டிவி தொகுப்பாளர். கணவர் 42 வயசுல பெருங்குடல் புற்றுநோயில இறந்துட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு, 2000-ல, தன்னோட கொலனோஸ்கோபியை டிவியில காட்ட வெச்சாங்க. அதுக்கப்புறம் அந்த நாட்டுல பரிசோதனைக்கு வந்தவங்க எண்ணிக்கை கூடினதை ஆய்வே பதிவு பண்ணியிருக்கு. நம்ம ஊர்ல முட்டித் தைலத்துக்கும் முடி எண்ணெய்க்கும் நடிக்கிற பிரபலங்கள் யாராவது யோசிக்கலாம்.

இப்ப கழிப்பறைக்கு வர்றேன். கொலனோஸ்கோபியில கஷ்டமானது டியூப் இல்லை, முந்தின நாள் மருந்துதான்னு செஞ்சுக்கிட்டவங்க எல்லாரும் சொல்வாங்க. பவுடரைத் தண்ணியில கலக்கி லிட்டர் கணக்குல குடிக்கணும். உப்புக் கரிக்கும். பத்து பன்னெண்டு தடவை போகும்.

எங்க போகும்? இதை யாராவது கேட்டிருக்கோமா? நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ் இருக்கற லைன் வீட்டுல இருக்கறவர் விடிய விடிய எங்க போவார்? ராத்திரி மருந்தைக் குடிச்சுட்டு, காலையில நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சு ரெண்டு மணி நேரம் வரணும்னு சொன்னா, வழியில என்ன ஆகும்? இது மனப் பதற்றம் இல்லைங்க. நியாயமான கணக்கு. இந்தக் கணக்குக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கறது கேலி. அப்படிப்பட்டவங்களை முந்தின நாளே வார்டுல சேர்த்து, கழிப்பறைக்குப் பக்கத்துல ஒரு கட்டில் கொடுக்கறதுதான் வைத்தியம். நோயாளிகளே, வீட்டுல வசதி இல்லைன்னா சீட்டு வாங்கும்போதே சொல்லுங்க. "வார்டுல சேர்ந்து மருந்து எடுத்துக்கலாமா?"ன்னு கேளுங்க. வெக்கப்பட இதுல ஒண்ணும் இல்லை.

வீட்டுலயே எடுத்துக்கறவங்களுக்குக் கொஞ்சம். உங்க ஆஸ்பத்திரியில கொடுத்த அட்டவணைதான் முதல்ல, இது துணைக்கு. ரெண்டு மூணு நாள் முன்னாடியே கீரை, கொய்யா, மாதுளை, எள், தக்காளி விதை, முழு தானியம் இதெல்லாம் நிறுத்துங்க. விதைகள் குடல்ல ஒட்டிக்கிட்டு டியூப்ல அடைக்கும். வெள்ளைச் சோறு, இட்லி, மோர் சாதம் போதும். கடைசி நாள் தெளிவான திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், பால் இல்லாத டீ. சிவப்பு, ஊதா நிறத்துல எதுவும் வேண்டாம். பீட்ரூட்டும் திராட்சை ஜூஸும் உள்ள ரத்தம் மாதிரி தெரியும். மருந்தை ஃபிரிட்ஜ்ல வெச்சு ஜில்லுனு ஸ்ட்ராவுல குடிச்சா உப்புச்சுவை அவ்வளவு தெரியாது. பெரும்பாலும் பாதியை முந்தின சாயங்காலமும் மீதியை அன்னைக்கு அதிகாலையிலயும் குடிக்கச் சொல்வாங்க, அந்த ரெண்டாவது பாதியை ஏமாத்தாதீங்க. கடைசியில போறது தெளிவா, லேசான மஞ்சள் தண்ணியா இருக்கணும். ஆசனவாயில முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க, எரிச்சல் குறையும்.

இதெல்லாம் ஒரு பக்கத் தாள்ல தமிழ்ல அச்சடிச்சுக் கொடுக்கலாம். நான் பாத்த ஒரு தாள் நாலாவது ஜெராக்ஸ்ல எழுத்து மங்கின இங்கிலீஷ் தாள். அதைப் படிக்கத் தெரியாம சோறு சாப்பிட்டுட்டு வந்தவரை "குடல் சுத்தமா இல்லை, அடுத்த மாசம் வா"ன்னு திருப்பி அனுப்பினாங்க. ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, அத்தனை பேதியும் வீண். அவர் அடுத்த மாசம் வருவார்னு நினைக்கறீங்களா?

"ஓ.பி.யில இருநூறு பேர் நிக்கிறாங்க, இதெல்லாம் விளக்க எங்க நேரம்?"னு சக டாக்டர்கள் கேப்பீங்க. நானும் அதே ஓ.பி.யிலதான் உக்கார்றேன். நியாயமான கேள்வி. ஆனா சுத்தமில்லாத குடலோட வந்து திரும்பிப் போன ஒவ்வொருத்தரும் ஒரு பரிசோதனை நேரத்தை வீணாக்கறாங்க. வராமலே போனவர் பின்னாடி எமர்ஜென்சியா வரும்போது ஒரு ராத்திரி முழுக்க ஒரு அறுவை சிகிச்சைக் குழுவோட நேரம் போகுது. விளக்கறதுக்கு நேரம் இல்லைங்கறது கணக்குப் போடாதவங்க பேச்சு.

அப்படி ஒருத்தர் வந்தார். லோடு ஏத்தி இறக்கற வேலை. மலத்துல ரத்தம்னு வந்தப்ப கொடுத்த சீட்டு அது, பதினாலு மாசம் முன்னாடி. இடையில அவர் போனது "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாம ஒரே ஊசியில குணம்"னு போர்டு போட்ட இடத்துக்கு. அங்க விரலைக் கூட விட்டுப் பரிசோதிக்கலை. மூலம்னு சொல்லி ஊசி, பொட்டலம், காசு. ஒரு ராத்திரி வயிறு பானை மாதிரி உப்பி, மூணு நாளா மலமும் போகாம காத்தும் பிரியாம, வாந்தியோட கேஷுவாலிட்டிக்கு வந்தார். கட்டி வளர்ந்து குடலையே அடைச்சிருந்தது.

"ஏன்ணே அப்பவே போகலை?"

"டியூப் விடுவாங்கன்னு சொன்னாங்க தம்பி. இவங்க ஊசியிலயே சரியாயிடும்னாங்க."

இந்த போஸ்டர்காரங்க விக்கறது மருந்து இல்லை. உங்க வெக்கத்தை உங்களுக்கே விலைக்கு விக்கறாங்க. "டியூப் வேண்டாம், காட்ட வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம்"ங்கறதுதான் அவங்க சரக்கு. "பெருங்குடலை டீடாக்ஸ் பண்ணுங்க"ன்னு யூடியூப்ல கஷாயம் விக்கறவரும் அதே கடைதான், கொஞ்சம் பெரிய கடை. மூலத்துலயும் ரத்தம் வரும், கட்டியிலயும் ரத்தம் வரும். மூலமும் இருந்து உள்ள கட்டியும் இருக்கலாம். போர்டைப் பாத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசிப் பயம்: ரிசல்ட். "தெரியாம இருந்தாலே நிம்மதி சார்."

நிம்மதியா இருந்தா சரிங்க. அவங்க நிம்மதியா இல்லையே? ஒவ்வொரு தடவை கக்கூஸ் போகும்போதும் குனிஞ்சு பாக்கறாங்களே. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய் சாதாரண பாலிப்பாத்தான் ஆரம்பிக்குது. அது புற்றுநோயா மாற வழக்கமா பல வருஷம் ஆகும், பத்து வருஷம் கூட ஆகலாம். அந்த இடைவெளியில டியூப் உள்ள போனா, கண்டுபிடிக்கறதும் எடுக்கறதும் ஒரே நாள்ல முடிஞ்சிடும். ஸ்கேன் எடுத்துட்டு வேற நாள் ஆபரேஷன்ங்கற கதை இல்லை. பாக்குற கருவியே எடுக்குற கருவியும்.

புற்றுநோயாவே இருந்தாலும் முடிவு எழுதிட்டதா அர்த்தம் இல்லை. ரொனால்ட் ரீகனுக்கு 1985 ஜூலையில, அதிபரா இருக்கும்போதே, கொலனோஸ்கோபியில பெரிய பாலிப் தெரிஞ்சு, ஆபரேஷன் பண்ணி எடுத்ததுல புற்றுநோய்னு உறுதியாச்சு. அப்ப வயசு 74. அவர் இறந்தது 2004-ல, 93 வயசுல, வேற காரணத்தால.

சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்கன்னாலே புற்றுநோய்னு முடிவு கட்டாதீங்க. புண், அழற்சி, காசநோய்னு நூறு காரணத்துக்கு அனுப்புவாங்க.

ஆபத்தே இல்லையான்னு கேட்டா, இருக்கு. மறைக்க மாட்டேன். குடல்ல ஓட்டை விழறது உண்மையிலயே நடக்கற விஷயம். பாக்கறதுக்கு மட்டும் செய்யற பரிசோதனையில ஆயிரத்துல ஒருத்தருக்கும் குறைவு. பெரிய பாலிப் எடுக்கும்போது கொஞ்சம் கூடும். வீட்டுக்கு வந்தபிறகு வயித்து வலி குறையாம கூடிக்கிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கொட்டினாலோ நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதை விட இப்படிச் சொல்றதுதான் நோயாளிக்குத் தைரியம் கொடுக்கும்னு நான் அனுபவத்துல பாத்திருக்கேன். முழு உண்மையைச் சொல்ற ஆளைத்தான் ஜனங்க நம்பறாங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு எல்லாரும் நாளைக்கே பேக்கேஜ் போட்டுக் கொலனோஸ்கோபிக்கு ஓட வேண்டாம். அமெரிக்காவுல 45 வயசானா அறிகுறி இல்லாட்டியும் குடல் புற்றுநோய்க்குப் பரிசோதனை செஞ்சுக்கச் சொல்றாங்க. நம்ம நாட்டுல அந்த நோய் அங்க விடக் குறைவு, எல்லாருக்குமான அப்படி ஒரு அரசுத் திட்டம் இல்லை. ஆனா இவங்க தள்ளிப்போடக்கூடாது: மலத்துல ரத்தம் போறவங்க, அதுவும் 40 தாண்டினவங்க. காரணம் தெரியாத ரத்தசோகை இருக்கற ஆண்களும், மாதவிடாய் நின்ன பெண்களும். மலம் கழிக்கற பழக்கம் சில வாரமா மாறிப் போனவங்க. எடை குறையறவங்க. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்களுக்குக் குடல் புற்றுநோய் வந்தவங்க.

கமெண்ட்ல வரப்போற கேள்விகளுக்கு இப்பவே பதில். சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்க எடுக்கற மாத்திரை எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா தொடரவும் வேண்டாம். சீட்டு எழுதறவர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சுகர் இருந்தா காலையில முதல் ஆளா நேரம் கேளுங்க. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க, குடலைக் கறுப்பாக்கிடும். கிட்னி, இதயப் பிரச்சினை இருந்தா பேதி மருந்தை எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

காத்திருக்கற நேரத்துல பதற்றமா இருந்தா பாட்டு கேளுங்க, அது உதவுதுன்னு ஆய்வுகளே இருக்கு. உள்ள போனதும் டாக்டர்கிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கோங்க: "தாங்க முடியலைன்னா கையைத் தூக்குவேன், ஒரு நிமிஷம் நிறுத்துங்க." பெரும்பாலானவங்க கையைத் தூக்கறதே இல்லை. தூக்கலாம்னு தெரிஞ்சிருக்கறதே போதுமா இருக்கு. வளைவு வரும்போது மூச்சைப் பிடிக்காம வாய் வழியா மெதுவா வெளிய விடுங்க, வயிறு தளரும்.

உங்க ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு மெசேஜ்ல அனுப்பாதீங்க. அதைப் பாத்து எதுவும் சொல்ல முடியாது, சொன்னா தப்பு. பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போங்க. கேக்க வேண்டிய கேள்விகளை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. "ஆம்பளைங்க இருப்பாங்களா"ங்கறதையும் சேர்த்து எழுதுங்க.